முதல் கைத் தண்ணீர்

என் அக்கா நாகஜோதிக்கு அநியாயம் செய்தவர்கள் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் அதைச் செய்தார்கள், இதை எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்வேன், ஆனால் கூட்டம் நெட்டம்பாறையில், கோயில் முன்னால், பன்னிரண்டு மணிக்கு, இப்போது மணி பத்தே கால், நானோ பெருமாள்மலைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுபோன பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் நிற்கும் வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் மலைகள் கூப்பிடுவதாக ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. யார் கூப்பிட்டது? நான் கூப்பிடவில்லை. அக்கா கூப்பிடவில்லை. மலைக்கு வாயிருந்தால் முதலில் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அதை எழுத முடியாது. ஆயுத பூஜைக்கு நாலு நாள் விடுமுறை என்று ஒரு மாதத்துக்கு முன்பே நாட்காட்டியைப் பார்த்து வைத்துக்கொண்ட அத்தனை பேரும் இந்த ஒற்றை ரோட்டில்தான் இருக்கிறார்கள். கண்டக்டர் இறங்கி வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “ஏம்ப்பா, டீ குடிக்கிறவுக குடிச்சுக்கங்க, கால நீட்டுறவுக நீட்டிக்கங்க, இது இப்போதைக்கு நகராது” என்றார், யாரோ பின்னாலிருந்து, “அண்ணே, அப்படியே ஒரு குடும்ப அட்டையும் இங்கயே வாங்கிருவமா” என்று கேட்க, பேருந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியுமுன்பே மதுரையில் ஏறினேன். மடியில் பன்னிரண்டு பக்க மனு, மூன்று பிரதி. ஊர்க்கூட்டத்தில் நான் பேசப்போவதை ஹாஸ்டல் மொட்டைமாடியில் நாலு முறை பேசிப் பார்த்திருக்கிறேன், எங்கே நிறுத்துவது, எங்கே தங்கப்பாண்டி மாமாவின் கண்ணைப் பார்ப்பது என்பது உட்பட. வளைவு மட்டும் என் பேச்சில் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பூண்டுக்காட்டுக்கு மேலே கேம்ப் வந்தது. கூடாரங்கள், மரப்பலகையில் நடைபாதை, ஆளுக்கொரு போர்வை, காலையில் பனியைப் பார்க்க ஒரு மேடை. எங்கள் ஊரில் கேம்ப்பைப் பார்த்துக்கொள்வது தங்கப்பாண்டி மாமா, தூரத்து மாமா, ஒரு காலத்தில் எங்கள் காட்டில் பூண்டு பிடுங்க வந்தவர், இப்போது இரண்டு ஜீப். அவர்தான் கேம்ப்காரர்களை அக்காவிடம் கூட்டிவந்தார். மலைச்சரிவில் ஆறு படியாக வெட்டிய எங்கள் காட்டின் மேல்படியில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருக்கிறது, அம்மா வழியில் வந்தது, இப்போது அக்கா பேரில். அந்தத் தண்ணீர்தான் ஆறு படிக்கும் இறங்கிப் பாயும். காட்டுக்குப் பாயும் தண்ணீரை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் தர வேண்டியதில்லை. ஆனால் குடிக்கத் தண்ணீர் என்று ஒருவர் வந்து நின்றால், அவர் யாராக இருந்தாலும், ஊற்றுக்குச் சொந்தக்காரர் தன் கையால் முதல் கைத் தண்ணீரை அள்ளி அவருடைய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் அதன் பிறகு வேண்டாமென்று சொல்லக்கூடாது. நெட்டம்பாறையில் இது சட்டத்துக்கு மேலே. அவர்கள் விருந்தாளிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் என்றார்கள். அக்கா குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, அவர்கள் நீட்டிய பாத்திரத்தில் ஊற்றினாள், அவர்கள் நீட்டிய பாத்திரம் ஒரு கறுப்புக் குழாயின் வாய். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று கேட்டேன். “கேட்டவன் குடம் கொண்டாந்தா குடத்துல, செம்பு கொண்டாந்தா செம்புல. அவன் குழாயக் கொண்டாந்தான். நான் என்ன கண்டேன்” என்றாள். அதை அவர்கள் படம் பிடித்தார்கள். மெல்லிய புல்லாங்குழல் இசையோடு அக்காவின் இரண்டு கைகள், விரலிடுக்கில் வழியும் தண்ணீர், பின்னால் பனி. ஹாஸ்டலில் என் அறைத்தோழி தன் செல்லில் அதைக் காட்டி, ‘சோ ஸ்வீட்’ என்றபோதுதான் முதல்முறை பார்த்தேன், அக்காவின் முகம் அதில் இல்லை, கை மட்டும்தான், பெருவிரலில் அரிவாள் கீறிய அந்தத் தழும்பை வைத்து அடையாளம் கண்டேன். குடிக்கத்தான் எடுத்தார்களா? கூடாரத்துக்கு ஒரு குளியலறை. அப்புறம் சனி ஞாயிறில் ரெயின் டான்ஸ். வருடத்தில் எட்டு மாதம் மழை பெய்யும் மலையில், எங்கள் ஊற்றைக் குழாயில் ஏற்றி, மேலேயிருந்து தூவி, பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள். போன மார்கழியில் பூண்டு நுனியிலிருந்து மஞ்சளடித்துக்கொண்டே வந்து ஐந்தாவது படி வரை படுத்துவிட்டது. அக்கா போய்க் கேட்டாள். “நீயே கையால ஊத்திக் குடுத்த தண்ணி ஜோதி, அதுக்கு வீடியோவே இருக்கு” என்றார் மாமா. ஊற்றிக் கொடுத்ததை வேண்டாமென்றால் சாமி குற்றம் என்றும் சொன்னார். குழாய்க்குத் தாகம் எடுக்குமா, ஆடுகிறவன் தலையில் விழுகிற தண்ணீர் குடிதண்ணீரா, வழக்கம் மனிதர்களுக்கா முதலீட்டுக்கா, இதெல்லாம் என் மனுவின் நாலாம் பக்கம். இன்றைய கூட்டம் எதற்கென்றால், அக்கா முடிவாகச் சொல்ல வேண்டும். ஊற்றை எழுதிக் கொடுத்துவிட்டால் கேம்ப் சமையல்கட்டில் நிரந்தர வேலை. மாட்டேன் என்றால் குழாயைக் கழற்றச் சொல்ல வேண்டும், அதை ஊர் முன்னால், அவள் வாயால். அந்த ஊரில் இன்றைக்கு ஜீப் இல்லாத வீடு, வாசலில் ஹோம் ஸ்டே பலகை தொங்காத வீடு எத்தனை இருக்கும்? கூட்டத்தில் அக்காவுக்கு எதிரே உட்காரப்போகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆனால் இதுவல்ல என்னை முள்ளாகக் குத்துவது. குத்துவது நேற்று சாயங்காலம். அக்கா போன் பண்ணினாள். “கௌசி, ஒன்னு கேக்குறேன், நேராப் பதில் சொல்லு, வாதம் பண்ணாத. படிப்ப முடிச்சிட்டு இங்க வந்து இருப்பியாடி, மாட்டியா?” நான் என்ன செய்தேன்? நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினேன். மலைப்பகுதிகளில் பொதுவளங்கள் எப்படித் தனியார் கைக்குப் போகின்றன என்று பேசினேன். பெண்களின் நில உரிமை பற்றிக்கூடப் பேசிய ஞாபகம். அவள் நடுவில் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில், “சரி, சாப்ட்டியா” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஊரில் எல்லோரும் அவளிடம் கேட்பது அதைத்தானே, ஒத்தைப் பொம்பள ஒனக்கு எதுக்கு ஊத்து, யாருக்காகக் காட்ட வச்சிருக்க, தங்கச்சி படிச்சிட்டு மெட்ராசுக்கோ பெங்களூருக்கோ போயிரும். தங்கச்சி வரும் என்றால் அக்கா குழாயைக் கழற்றச் சொல்லுவாள். தங்கச்சி வராது என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். இது கணக்கு மாதிரி எனக்குத் தெளிவாக இருக்கிறது, அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. வருவேன் என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரே சொல், ஊற்று பிழைக்கும். வருவேனா? சரி, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், படிப்பு முடிந்து நெட்டம்பாறையில் இறங்குகிறேன், பையை வைக்கிறேன், முதல் நாள் சொர்க்கம், இரண்டாம் நாள் சொர்க்கம், பத்தாம் நாள் யாரோடு சண்டை போடுவேன்? புத்தகத்தைப் பற்றி யாரோடு பேசுவேன்? அப்படியானால் எனக்கு அந்த ஊர் வேண்டாமா? வேண்டும், எவ்வளவு வேண்டும் என்றால், ஹாஸ்டலில் என் பென்சில் டப்பாவுக்குள் ஒரு மலைப்பூண்டு இருக்கிறது, தேர்வு அறையில் டப்பாவைத் திறந்தாலே அக்கா பக்கத்தில் நிற்பது போல இருக்கும், அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொள்வாள். விதைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டுப் புகை காட்டுவோம், அதன் கீழேதான் நாங்கள் இருவரும் படுப்போம், எப்போதாவது ஒரு பூண்டுத்தோல் சுழன்று சுழன்று இறங்கி முகத்தில் விழும், அக்கா தூக்கத்திலேயே கையை நீட்டி அதை எடுத்துப் போடுவாள். மதுரையின் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு எத்தனை தடவை முகத்தை வெறுமனே காட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறேன். ஒன்றும் விழாது. அம்மா செத்தபோது எனக்கு ஆறு, அவளுக்குப் பத்தொன்பது. ஒருத்தன் பெண் கேட்டு வந்தான், அவள் வேண்டாம் என்றுவிட்டாள், “அவன் மூக்கு எனக்குப் பிடிக்கல” என்றாள், எனக்காகத்தான் வேண்டாம் என்றாள் என்று நான் இதுவரைக்கும் எத்தனை பேரிடம் உருகிச் சொல்லியிருக்கிறேன். என் முதல் வருடப் படிப்பு அவள் கேம்ப்பில் சப்பாத்தி உருட்டிய கையிலிருந்து வந்தது, அதுவும் மறக்கவில்லை, என் எதிரி எனக்குச் சோறு போட்டிருக்கிறான், இதை மனுவில் எங்கே வைப்பது?

பக்கத்து இருக்கைப் பெண் குனிந்து ஒரு பாலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மடியில் அவள் மகள், எட்டு வயதிருக்கும், மூன்றாவது முறை வாந்தி. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர வைக்கிறாள், பேருந்து நின்றுவிட்ட பிறகும் பிள்ளைக்கு வளைவுகள் நிற்கவில்லை போலிருக்கிறது. “ஏங்கண்ணு, குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா? எங்க பாட்டில் தீந்துபோச்சு.” அவள் சொல்லி முடிக்கவில்லை, என் கை பாட்டிலைத் திறந்து, என் உள்ளங்கையில் ஊற்றி, அந்தப் பிள்ளையின் ஏந்திய கைக்குள் சாய்த்துவிட்டது. பாட்டிலை அப்படியே கொடுத்திருக்கலாம். பிறகுதான் கொடுத்தேன். கை என்னைக் கேட்கவில்லை. திருப்பூராம், பனியன் கம்பெனியாம், தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் கிடைத்த நாலு நாளாம். “பஞ்சு மூக்குக்குள்ளயே குடியிருக்குதுங்க கண்ணு. ஒருக்கா நல்ல காத்து இழுத்துட்டுப் போயிரலாம்னு வந்தனுங்க. நீங்க எந்த ஊருங்க?” சொன்னேன். “அங்க பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?” “ஒன்னும் இல்ல.” “என்னுங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க, நாங்க வர்றது உங்களுக்குப் புடிக்காதாட்ட இருக்குது.” நான் வாயைத் திறந்தேன், நாலாம் பக்கம் நாக்கு நுனியில் நின்றது, ஆனால் அவள் அதற்குள் செல்லை எடுத்துத் தடவி, “இங்கதானுங்க புக் பண்ணியிருக்கறோம், நெட்டம்பாறையேதான், இந்தக் கையைப் பாத்துப்போட்டுத்தான் பண்ணுனேன், பாக்கறப்பவே நெஞ்சு குளுந்துபோச்சு” என்று நீட்டினாள். புல்லாங்குழல். பனி. தழும்பு. அக்கா, என் அக்கா, ஒரு திருப்பூர்க்காரியின் விரிசல் விழுந்த கண்ணாடிக்குள் குனிந்து தண்ணீர் ஊற்றுகிறாள், முடிந்ததும் மறுபடி ஊற்றுகிறாள், மறுபடியும், அவளை நிறுத்த விடமாட்டேன் என்கிறார்கள். “இது எங்கக்கா” என்றேன். “அட ஆண்டவனே!” என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நான் சொல்ல ஆரம்பித்து முழுக்கச் சொல்லிவிட்டேன், குழாய், ஆட்டம், பூண்டு, கூட்டம், கையெழுத்துக் கேட்கும் காகிதம், எல்லாம், குரல் உயர்ந்து முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள், நடுவில் செல்லைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். “அப்ப உங்கக்கா என்ன சொல்றாங்க?” “அவ என்ன சொல்றது, அநியாயம்தானே?” “அதில்லீங்க கண்ணு. அவங்களுக்கு என்ன வேணுமாமா?” அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள், மகளுக்கு மறுபடி பை தேடிக்கொண்டே. என் ஆய்வுக்கு அக்காவை நான் பேட்டி எடுத்திருக்கிறேன். நாற்பத்திரண்டு கேள்வி. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அவள் பூண்டு கட்டக் கட்ட, நீர் ஆதாரம், பாசன முறை, கடந்த ஐந்தாண்டு விளைச்சல், சுற்றுலாவின் தாக்கம் மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை. ஆய்வேட்டில் அவள் பதிலளித்தவர் எண் ஏழு. நாற்பத்திரண்டில் இது இல்லை. தனக்கு என்ன வேணும் என்று அவளும் ஒரு நாள் சொன்னதில்லை, சொல்லவில்லை என்பதை நான் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

“கொஞ்சம் வழி விடுங்க” என்று இறங்கிவிட்டேன். மணி பதினொன்று ஐம்பது. நடந்தால் நெட்டம்பாறைக்கு நாளைக்குத்தான் போய்ச்சேரலாம், இருந்தும் உட்கார முடியவில்லை. கார்களுக்கும் பாறைக்கும் நடுவே ஓர் ஆள் போகும் இடைவெளி. ஒரு குடும்பம் டிக்கியைத் திறந்து வைத்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடுகிறது, ஒருவன் தடுப்புச்சுவரில் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து ஓவென்று கத்துகிறான், பள்ளத்தாக்கு அவனுக்குப் பதில் சொல்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். செல்லில் டவர் நாலு கோடு காட்டுகிறது, ஆனால் அழைப்பு போகவில்லை, மலையில் நிற்கிற அத்தனை பேரும் மலையை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது தடவை போட்டேன். நான் எதற்கு மேலே போகிறேன்? கூட்டத்தில் பேச. பிறகு? மூன்று நாள் அக்கா கையால் சாப்பிட. மேல்படியில் நின்று பனி இறங்குவதைப் பார்க்க. நாலாம் நாள் கீழே இறங்க. அப்படியானால் இந்த வெள்ளைக் கார்க்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் அங்கே பிறந்தவள், அவன் பிறக்கவில்லை. சரி. வேறு? நான் அங்கே இல்லாதபோதும் அது அப்படியே இருக்க வேண்டும், ஊற்று ஊற வேண்டும், உத்தரத்தில் பூண்டு தொங்க வேண்டும், கீழே அக்கா படுத்திருக்க வேண்டும், நான் எப்போது வந்தாலும். அவள் முப்பத்தைந்து வயதையும் அங்கே வைத்துக் காவல் காக்க வேண்டும், நான் ஏங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. அதற்கு வருவேன் என்று ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். அவர்களாவது குழாயை நீட்டினார்கள், நான் எதை நீட்டுகிறேன்? இல்லை, இது வாதத்துக்காகச் செய்கிற வாதம், அவர்கள் செய்தது அநியாயம், என் ஏக்கம் அநியாயம் இல்லை. இல்லையா? வளைவு திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது, ஈரமும் டீசலும் யாரோ சுடுகிற சோளமும் கலந்த காற்று, அதற்குள் எங்கேயாவது பூண்டு இருக்கிறதா என்று மூக்கு தேடிக்கொண்டே போகிறது, வெட்கமில்லாத மூக்கு. பத்தாவது தடவை போடுவதற்குள் செல் கையில் அதிர்ந்தது. அக்கா.

“எங்கடி வார? எல்லாரும் ஒக்காந்திருக்காக.” பின்னால் கோயில் முற்றத்தின் இரைச்சல், ஒரு ஜீப்பின் உறுமல், யாரோ இருமுவது. “ரோடு அடைச்சுக் கெடக்குக்கா. என்னால வந்து சேர முடியாது.” “சரி, அது கெடக்கட்டும், எங்கயாச்சும் நெழல்ல நில்லு.” மனு என் கக்கத்தில் நனைந்துபோயிருக்கிறது. இதோ, இப்போது, செல்லைக் கூட்டத்துக்கு நடுவே வைக்கச் சொல்லி அத்தனையும் பேசிவிடலாம், குரல் நன்றாகத்தான் கேட்கிறது. “அக்கா, நேத்து நீ கேட்டியே.” “ம்.” “நான் வந்து இருக்க மாட்டேன்க்கா. படிப்பு முடிஞ்சதும் இல்ல, அதுக்கப்புறமும் இல்ல. வருவேன், பாப்பேன், போயிருவேன். எனக்கு உன்னைத் தேடிக்கிட்டேதான் இருக்கும். ஆனா இருக்க மாட்டேன்.” சொல்லி முடித்ததும் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டேன். போய்விட்டது, ஊற்றை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அக்காவுக்குப் பின்னால் தங்கப்பாண்டி மாமா, கட்டைக்குரல், சிரித்துக்கொண்டே, “என்னாத்தா, வாரேங்குதா வரலேங்குதா படிச்ச புள்ள? வராது, நான்தான் சொன்னேன்ல. பெறகு யாருக்குத்தா ஒனக்கு இந்த ஊத்து, யாருக்கு இந்தப் பிடிவாதம்?” நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். “அழுகாதடி” என்றாள் அக்கா, என்னிடம், மெதுவாக. நான் அழுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது? “இத்தன வருசமா எவன் கேட்டாலும் எந்தங்கச்சிக்குன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் நெசம்னு ஆகிப்போச்சு. நீ வாரேன்னு சொல்லியிருந்தீன்னா இன்னைக்கும் அதையே சொல்லிட்டு ஒக்காந்திருப்பேன்.” “அக்கா...” “இரு, வச்சிராத, கேட்டுக்கிட்டிரு.” சேலையில் செல் உரசுகிற சத்தம், அவள் எழுந்து நிற்கிறாள் போலிருக்கிறது, சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்குகிறது, அப்புறம் அவள் குரல், எனக்கில்லாத குரல், சற்றுத் தள்ளி, உரக்க:

“எனக்கு மாமா. எனக்குத்தான் வேணும். குழாயக் கழட்டுங்க.”